நட்பிலே கனிந்த காதலே நெஞ்சில் நிற்கிறது!

நீதி தவறாத நடுவர் அவர்களே! என் அணியின் தோழர்களே! எதிரணியில் வீற்றிருக்கிற, இன்னும் கொஞ்ச நேரத்தில் மனம் மாறப்போகிற என் அன்பு நண்பர்களே! திரளாக வந்திருக்கும் செங்கல்பட்டுப் பெருமக்களே! வீட்டிலே அரிவாள்மனையும் கத்திரிக்காயுமாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! 

செங்கல்பட்டு எனக்கு மிகவும் பிடித்த ஊர். ரயிலில் வரும்போது கொளவாய் ஏரி கண்ணில் பட்டதுமே மனசு குளிர்ந்துபோகும். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இது ஒரு ஜங்ஷன். விழுப்புரம் போகிற பாதையும், காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகிற பாதையும் இங்கேதான் பிரிகின்றன. எதிரணி நண்பர்கள் 'பிரிகின்றன' என்பார்கள். நாங்கள் 'சேர்கின்றன' என்போம். அவ்வளவுதாங்க ரெண்டு அணிக்கும் வித்தியாசம்! (சிரிப்பு)

இன்றைய தலைப்பு என்ன? 'காதல் நாவல்களில் நெஞ்சில் நிற்பது, கண்டதும் பிறந்த காதலா? நட்பிலே கனிந்த காதலா?' நட்பிலே கனிந்த காதலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசும்போது நேராக மிதிலைக்குப் போய்விட்டார். வீதியிலே இராமன், மாடத்திலே சீதை, ஒரே பார்வை, முடிந்தது கதை என்றார். நானும் கைதட்டினேன். கம்பன் என்றால் எந்த அணியில் இருந்தாலும் கைதட்டத்தான் வேண்டும். ஆனால் நடுவர் அவர்களே, கதை அங்கேயா முடிந்தது? அங்கேதானே தொடங்கியது! காட்டுக்குப் போகும் நேரத்தில் 'நீ இங்கேயே இரு' என்று இராமன் சொல்கிறான். சீதை தலையாட்டினாளா? வாதாடினாள்! கணவனோடு சரிக்குச் சரி நின்று வழக்காடி, மரவுரி உடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். மாடத்திலே பார்த்த பார்வை காதலைத் தொடங்கி வைத்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காதலைக் காட்டுவழியில் நடத்திப் போனது எது? 'நீங்க சொல்றது சரியில்லை' என்று சொல்லத் தெரிந்த நட்பு!

கண்டதும் காதலுக்கு இன்னொரு சாட்சி துஷ்யந்தன். கானகத்தில் சகுந்தலையைக் கண்டான், காதலித்தான், மோதிரம் போட்டான், போனான், மறந்தான். முகத்தைப் பார்த்தே காதலித்தவனுக்கு அந்த முகமே மறந்துபோச்சு! மீன் வயிற்றிலிருந்து மோதிரம் வந்து ஞாபகப்படுத்த வேண்டியதாப் போச்சு! (சிரிப்பு) 'அது துர்வாசர் சாபம்' என்று எதிரணியில் ஒருவர் கை தூக்குகிறார். ஐயா, நாலு வருஷம் கூடவே இருந்து சண்டை போட்டுச் சிரித்துப் பழகியவர்களை எந்தச் சாபத்தாலும் மறக்க வைக்க முடியாது. நம்ம வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மறக்க அவர்கள் முயற்சி பண்ணினாலும் முடியறதில்லை! (பலத்த சிரிப்பு)

சிரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்க இலக்கிய அகப்பாடல்களில் ஒரு வேடிக்கை பாருங்கள். தலைவிக்குக் காதல் ஓர் ஆளிடம், நட்பு வேறோர் ஆளிடம். காதலுக்குத் தலைவன், மனசு விட்டுப் பேசத் தோழி. தலைவன் தப்புப் பண்ணினால் அவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பவள் தோழி. 'எத்தனை நாளைக்கு இப்படி ஒளிந்து ஒளிந்து வருவாய்? எப்போது கல்யாணம்?' என்று நெருக்குகிறவள் தோழி. தலைவிக்கு ஏக்கம் மட்டுந்தான் வேலை. உண்மையைச் சொல்கிற வேலை முழுக்கத் தோழியின் தலையில்.

இன்றைய நாவல் என்ன செய்தது? அந்தத் தலைவனையும் தோழியையும் ஒரே ஆளாக்கிவிட்டது. நான் காதலிக்கிறவரே எனக்குத் தோழியாகவும் இருக்கவேண்டும் என்கிறது. உலகம் முழுக்க இன்று பெரியவர்கள் படிக்கிற காதல் கதைகளில், நண்பர்களாயிருந்து காதலர்களாவது ஒரு தனி ரகமாகவே வளர்ந்திருக்கிறது. டேவிட் நிக்கல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 2009-இல் 'ஒன் டே' என்று ஒரு நாவல் எழுதினார. 1988-ஆம் ஆண்டு ஜூலை 15, பட்டம் வாங்கிய இரவிலே சந்திக்கும் இருவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே ஜூலை 15-இல் அவர்கள் என்ன ஆனார்கள் என்று இருபது வருஷத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். நட்பு மெல்ல மெல்லக் கனிகிற கதை.

அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? இந்த மேடையிலிருந்து முப்பது கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். திருக்கழுக்குன்றத்து மலையை ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனால் கடல் வந்துவிடும். அந்தக் கடற்கரையிலே ஒரு நாள் கல்கி அவர்களும் ரசிகமணி டி.கே.சி. அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அலையைப் பார்த்துக்கொண்டு இரண்டு நண்பர்கள்! அங்கேதான் 'சிவகாமியின் சபத'த்துக்கு விதை விழுந்தது. 1944 முதல் 1946 வரை 'கல்கி'யில் தொடராக வந்து தமிழ்நாட்டையே உருக்கிய கதை அது. பாருங்கள், அந்தக் காதல் கதை பிறந்ததே ஒரு நட்பின் மடியிலே! (கைதட்டல்)

அந்தக் கதையைத்தான் எதிரணியில் பேசிய சகோதரி எங்கள்மேல் ஆயுதமாக வீசினார். 'மாமல்லனும் சிவகாமியும் யார்? சின்ன வயசிலிருந்து பழகியவர்கள். விளையாட்டுத் தோழர்கள். அந்த நட்புதானே காதலாயிற்று? முடிவு என்ன ஆயிற்று? மாமல்லனுக்குப் பாண்டிய இளவரசி, சிவகாமிக்கு ஏகாம்பரநாதர். இதுதானா நட்பிலே கனிந்த காதலின் லட்சணம்?' என்று கேட்டார். அரங்கமே அதிர்ந்தது. என் அணித் தோழர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். (சிரிப்பு)

சகோதரி, நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் போகமாட்டேன்.

காஞ்சிக்கு அருகே காட்டுக்குள் ஆயனச் சிற்பியின் வீடு. பக்கத்திலே தாமரைக்குளம். அரசகுமாரன் என்றும் சிற்பி மகள் என்றும் பேதம் தெரியாத வயசிலே தொடங்கிய பழக்கம். அங்கே யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பிறகு வயசு வருகிறது, காதல் வருகிறது, கூடவே யுத்தம் வருகிறது. சிவகாமியை வாதாபிக்குச் சிறையெடுத்துப் போகிறார்கள். அங்கே தமிழ்நாட்டுக் கைதிகள் சவுக்கடி படாமல் இருக்க, நாற்சந்தியிலே நின்று ஆடுகிறாள் அந்தப் பெண். அந்த அவமானத்திலே பிறந்ததுதான் சபதம்: இந்த நகரம் எரியாமல் நான் இங்கிருந்து கிளம்பமாட்டேன்!

மாமல்லன் மாறுவேடத்தில், உயிரைப் பணயம் வைத்து, அவளை அழைத்துப்போக வருகிறான். அவள் மறுக்கிறாள். இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாம் யோசிக்க வேண்டும். வந்தவன் யார்? தாமரைக்குளத்துத் தோழன். அவள் எதிர்பார்த்தது யாரை? பகையை எரிக்கிற பல்லவ வீரனை! தோழனுடைய கண்ணால் பார்த்திருந்தால் 'இவன் இவ்வளவு தூரம் வந்ததே போதும்' என்று தோன்றியிருக்கும். அவள் பட்ட அவமானத்துக்கு நான் குறை சொல்லவில்லை. அந்த நெருப்பிலே நின்றவளுக்குத்தான் அதன் சூடு தெரியும்.

சரி, மாமல்லன்? சபதத்தை நிறைவேற்றினான். 642-ஆம் ஆண்டு நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியைப் பிடித்தது சரித்திரம். சிவகாமி கல்கியின் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனைக்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. இடையிலே அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். சிவகாமிக்கு அது எப்போது தெரிகிறது? காஞ்சிக்குத் திரும்பிய பிறகு! நாட்டுக்காகச் செய்த கல்யாணம், தந்தையின் சொல்லுக்காகச் செய்த கல்யாணம், எல்லாம் நியாயம். ஆனால் ஒரு கோட்டையையே கொளுத்தத் தெரிந்தவனுக்கு, ஓர் உண்மையை அவளிடம் தானே சொல்லத் துணிவு வரவில்லையே! காதலன் தயங்குவான். 'உனக்கு வலிக்கும், ஆனாலும் என் வாயாலேயே நீ கேட்கணும்' என்று நண்பன் சொல்லியிருப்பான். ஆகவே சகோதரி, நட்பிலே கனிந்ததால் அந்தக் காதல் சிதையவில்லை. கனிந்த பிறகு நட்பைக் கைவிட்டதால் சிதைந்தது! (நீண்ட கைதட்டல்)

இன்னொன்றும் சொல்கிறேன். அதே நாவலிலே இன்னொரு ஜோடி இருக்கிறது. யாரும் பேசமாட்டார்கள். மாமல்லனுக்குத் தேரோட்டுகிற கண்ணபிரான், அவன் மனைவி கமலி. அரண்மனை இல்லை, சபதம் இல்லை. எப்போது பார்த்தாலும் ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொண்டிருப்பார்கள். கல்கி நம்மைச் சிரிக்கவைக்கத்தான் அவர்களைப் படைத்தார் என்று நான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். இப்போது படிக்கும்போது தோன்றுகிறது, மேலே தேரில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைக்காதது, கீழே குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவனுக்குக் கிடைத்திருக்கிறது. கணவன் மனைவி இரண்டு பேரும் நண்பர்கள்!

தேவதாசைப் பற்றியும் எதிரணி கேட்கும் என்று தெரியும். சரத் சந்திரர் 1917-இல் வெளியிட்ட நாவல். 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படமாக நம் வீட்டுப் பாட்டிமாரை அழவைத்த கதை. தேவதாசும் பார்வதியும் பள்ளிக்கூடத் தோழர்கள்தான். நடுராத்திரியில் தன் மானத்தையும் பணயம் வைத்து அவன் அறைக்கே வந்து கேட்டாள் பார்வதி. அவன் வீட்டாருக்குப் பயந்தான், ஊரை விட்டே போனான், ஒரு கடிதம் எழுதினான். காரியம் கெட்டது. அங்கே நட்பு தோற்கவில்லை நடுவர் அவர்களே, துணிவு தோற்றது. பார்வதிக்கு இருந்த துணிவில் பாதி அவனுக்கு இருந்திருந்தால் அந்தப் படத்துக்குக் கைக்குட்டையே தேவைப்பட்டிருக்காது!

அப்படியானால் நட்பு என்பது என்ன? சேர்ந்து டீ குடிப்பதா? வள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரம் ஒதுக்கினார். 79 முதல் 83 வரை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. ஐந்தில் இரண்டு எச்சரிக்கை! நண்பனின் வேலை கூடவே சிரிப்பது மட்டும் இல்லை, வழி தவறும்போது முகத்துக்கு நேரே கண்டிப்பதும்தான் என்பது அவர் கட்சி.

இந்தக் குறள் கருத்துக்கு உரை எழுதியது போல ஒரு நாவல் இங்கிலாந்தில் வந்தது. ஜேன் ஆஸ்டின் எழுதிய 'எம்மா', 1815 டிசம்பரில் வெளியானது. எம்மா பணக்காரப் பெண், கெட்டிக்காரி, கொஞ்சம் கர்வி. குடும்ப நண்பர் நைட்லி. ஒரு நாள் எல்லோரும் ஒரு குன்றுக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள். அங்கே ஏழ்மையில் வாழ்கிற ஒரு மூத்த பெண்மணியை எம்மா எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்துவிடுகிறாள். நைட்லி சிரிக்கவில்லை. தனியே வந்து, 'நீ செய்தது தப்பு' என்கிறார். எம்மா வண்டியில் போகும்போது அழுகிறாள். அவள் மனசு திரும்புவது அங்கேதான். அவளைக் கவிதை பாடி வர்ணித்தவர்கள் பின்னுக்குப் போய்விட்டார்கள், கண்டித்தவர் கணவரானார்! இருநூறு வருஷம் தாண்டியும் அந்தக் காதல் நிற்கிறதென்றால், காரணம் அந்தக் கண்டிப்பு.

இப்போது எதிரணித் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்றைக்கு இந்த மேடையிலே கேட்டதிலேயே கனமான கேள்வி அது. 'நட்பு கடைசியில் காதலாகும் என்றே கதை எழுதினால், பெண்ணைப் பெற்றவன் எந்தத் தைரியத்தில் அவளை ஒரு பையனோடு பேச விடுவான்?' என்றார்.

தம்பி, இதற்கு வாதம் பண்ணி ஜெயிக்க எனக்கு மனசு வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் துறையில் மூன்றாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி. அவளும் வகுப்புத் தோழன் ஒருவனும் மூன்று வருஷ நண்பர்கள். அவள் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது முதல் ஆளாகப் போய் ரத்தம் கொடுத்தவன் அந்தப் பையன். நல்ல பையன். ஒரு நாள் தன் காதலைச் சொன்னான். அவள், 'எனக்கு அப்படித் தோணலைடா, நாம எப்பவும் போலவே இருப்போமே' என்றாள். அவன் கேட்டான், 'அப்புறம் எதுக்கு மூணு வருஷம் என்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசினே?' அந்தக் கேள்வி வகுப்பு முழுக்கப் பரவியது. கைபேசியில் பரவியது. அவள் கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாள். பத்து நாள் கழித்து, மாற்றுச் சான்றிதழ் கேட்டு என் அறைக்கு வந்தாள்.

நடுவர் அவர்களே, நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? தமிழ் படித்தவள், டாக்டர் பட்டம் வாங்கியவள், ஒரு பெண்ணுக்குத் தாய். நான் சொன்னேன், 'நீயும் கொஞ்சம் விலகி இருந்திருக்கலாமேம்மா.'

அவள் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். 'அம்மா, நான் சிரிச்சது தப்பா?'

எத்தனையோ மேடையில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு எனக்குப் பதில் வரவில்லை. சான்றிதழ் விண்ணப்பத்தை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டு, 'நாளைக்கு வகுப்புக்கு வா. வாசல் வரைக்கும் நான் வர்றேன்' என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பையனையும் கூப்பிட்டுப் பேசினேன். அவன் கண் கலங்கிப் போய் ஒன்று சொன்னான். 'எல்லாக் கதையிலயும் கடைசியில ஒத்துக்கிறாங்களேம்மா!'

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. தப்பு அவன் ஒருவன்மேல் மட்டும் இல்லை. நட்பை ஏதோ காதலுக்குக் கட்டுகிற அட்வான்ஸ் மாதிரி காட்டுகிற கதைகள்மேலும் இருக்கிறது. மூணு வருஷம் தவணை கட்டினேன், சாவியைக் கொடு என்று கேட்க, பெண் என்ன வீட்டுமனையா? (கைதட்டல்)

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்கிறோமே, அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்க்காதவர்கள் இந்த அரங்கில் இருக்கமாட்டீர்கள். அதிலே தவசியைப் பார்ப்போம், யானையைப் பார்ப்போம். யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தவம் பண்ணுகிறது. காலடியில் எலிகள். எலிகளெல்லாம் நம்பிவிட்டன, 'ஆஹா, மகான்!' பூனை எதற்காகத் தவம் பண்ணுகிறது என்பது பூனைக்குத்தான் தெரியும். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னே நம் சிற்பி கல்லிலே எழுதி வைத்திருக்கிறான், கூடா நட்பு என்றால் இதுதான் என்று. 'நண்பன்' என்று பெயர் வைத்துக்கொண்டு நாளை எண்ணிக் காத்திருப்பது நட்பு இல்லை, பூனைத் தவம்! நாங்கள் நட்பிலே கனிந்த காதலுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறோம். பூனைக்கு இல்லை! (பலத்த கைதட்டல்)

அப்படியானால் உண்மையான நட்புக்கு அடையாளம் என்ன? 'இல்லை' என்ற சொல்லைக் கேட்ட பிறகும் அது நட்பாகவே நிற்கும். அதுதான் உரைகல்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 1964-இல் புத்தகமாக வந்தது. பாபு சின்ன வயசிலிருந்தே அறிந்த குடும்பத்துப் பெண் யமுனா, அவனைவிடப் பத்து வயசு மூத்தவள். அவளைத் தெய்வமாக நினைத்தவன், ஒரு கட்டத்தில் வாய் திறந்து கேட்டுவிடுகிறான். அவள் மறுக்கிறாள். பாபு ஒன்றும் முனிவன் இல்லை. உள்ளே முள் குத்திக்கொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் அவள் குடும்பம் நொடித்து அவள் தனியாக நிற்கிற காலத்தில், மறுத்தவள்தானே என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உதவியாக நிற்கிறான். பின்னால் அவள் சம்மதிக்கிறாளே, அது அவன் கட்டிய தவணைக்கு ரசீது இல்லை. அவள் தானாக, தன் வாழ்க்கையை யோசித்து எடுத்த முடிவு. அது பெரியவர்களுக்கான நாவல் என்று சொல்வது அதனால்தான். வயசு வந்தவர்கள் மட்டும் படிக்கவேண்டியது என்பதால் அல்ல. வயசு வந்தவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வதால்!

'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள், 1950 முதல் 1954 வரை வந்த தொடர். சேந்தன் அமுதனுக்குப் பூங்குழலி உறவுக்காரப் பெண். அவள் மனசு அரசகுமாரனிடம் இருக்கிறது என்று தெரிந்தும் அமுதனுடைய அன்பு கசந்துபோகவில்லை. படகோட்டிப் பெண்ணுக்கு அலை புரிகிற அளவுக்குத் தன் மனசு புரிய நாளாயிற்று. புரிந்தபோது, பூத்தொடுத்துக்கொண்டிருந்த அந்த அமைதியான மனிதன் பக்கம் திரும்பினாள். அவன் அரச வாரிசு என்பது வேறு கதை. அதற்காக அவள் போகவில்லை.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். பெண்ணைப் பெற்றவர்களே, உங்கள் மகளைப் பையன்களோடு பேசாதே என்று சொல்லாதீர்கள். 'வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, நாங்க உன் பக்கம் நிற்போம்' என்று சொல்லுங்கள். பையனைப் பெற்றவர்களே, உங்களுக்குத்தான் வேலை அதிகம். 'வேண்டாம்' என்ற சொல்லை ஒரு பெண்ணின் வாயிலிருந்து கேட்டுவிட்டு, கௌரவமாக வீட்டுக்கு வந்து சாப்பிடக் கற்றுக்கொடுங்கள்! (நீண்ட கைதட்டல்)

அந்த மாணவி தேர்வு எழுதினாள், நல்லபடியாகப் பட்டம் வாங்கினாள். அந்தப் பையன் சில வாரம் கழித்து, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டான். பெருந்தன்மைதான். ஆனால் அவர்கள் மறுபடி நண்பர்களாகவில்லை. ரத்தம் கொடுத்த நட்பு அது, ஒரு கேள்வியிலே போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தந்தான். என் பங்கும் அதில் இருக்கிறது.

நடுவர் அவர்கள் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இரண்டே நிமிஷம்.

'எங்களுக்கெல்லாம் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். நட்புமில்லை, கண்டதும் காதலுமில்லை. நாங்கள் எந்த அணி?' என்று இங்கே பல தாய்மார்கள் யோசிப்பது தெரிகிறது. நானும் உங்கள் கட்சிதான். எனக்கும் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். முதல் சில வருஷம் எங்கள் வீட்டு வசனமே மூன்றுதான். 'சாப்பிட்டீங்களா?' 'மாத்திரை போட்டீங்களா?' 'கேஸ் வந்துதா?' (சிரிப்பு)

டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். ஓர் இயல் முடித்ததும் ஆசையாக அவரிடம் படிக்கக் கொடுத்தேன். பாராட்டுவார் என்று காபி போட்டுக்கொண்டு வந்தேன். அவர் சொன்னார், 'இது நீ எழுதினது மாதிரி இல்லையே. நாலு புத்தகத்தை வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கு.' எனக்கு வந்த கோபத்தில் காபி எனக்கே போயிற்று. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த இயலை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அன்றைக்குத்தான் என் வீட்டிலே எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அதற்குப் பிறகுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காதலும் வந்தது! (கைதட்டல்)

போன வருஷம் இருவரும் மாமல்லபுரம் போயிருந்தோம். பூனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், தனிக்கல்லிலே ஒரு குரங்குக் குடும்பம். தாய்க்குரங்கு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் உட்கார்ந்து இன்னொரு குரங்கு அதற்குப் பேன் பார்க்கிறது. கடற்கரைக் கோயில் இருக்கிற ஊரிலே, ஐந்து ரதம் இருக்கிற ஊரிலே, பல்லவச் சிற்பி மெனக்கெட்டு இதையும் செதுக்கியிருக்கிறான்! என் வீட்டுக்காரர் சொன்னார், 'பாரு, யாராவது ராஜா ராணிக்கு இப்படிச் சிலை வச்சிருக்கானா?'

கண்டதும் காதல் கூந்தலிலே பூ வைக்கும். நட்பிலே கனிந்த காதல் அந்தக் கூந்தலிலே பேன் பார்க்கும். பூ சாயங்காலம் வாடிவிடும். பேன் பார்க்கிற கை இருக்கிறதே, அது உடம்பு முடியாத நாளிலும் இருக்கும், தலை நரைத்த நாளிலும் இருக்கும். அந்தக் கைதான் நாவலிலும் நெஞ்சில் நிற்கிறது, வீட்டிலும் நிற்கிறது.

ஆகவே நடுவர் அவர்களே, மிதிலை மாடத்தையும் பாருங்கள், மாமல்லபுரத்துக் கல்லையும் பாருங்கள். பார்த்துவிட்டு, நட்பிலே கனிந்த காதலே நெஞ்சில் நிற்கிறது என்று நல்ல தீர்ப்பை வழங்குங்கள். தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தாலும் உங்களோடு எனக்குள்ள நட்பு மாறாது. ஏனென்றால் நான் பூனை இல்லை! (சிரிப்பு, கைதட்டல்)